இடைகழியும் மாளிகையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மாசி மகத்தை முன்னிட்டு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி கண்டருள எழுந்தருளும் வைபவம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வருவதாகும். ஸ்வயம்வ்யக்த க்ஷேத்ரங்கள் எட்டனுள் ஒன்றில், சிற்பத் தூண்கள் நிறைந்த மண்டபத்தை உடையவனாய் வீற்றிருக்கும் எம்பெருமான், அதனை விட்டுப் புறப்பட்டுக் கீற்றுப் பந்தலிலும் மண்டகப்படி ஏற்றருளுகின்றான். பூமிப் பிராட்டியை எடுத்துத் தாங்கிய அப்பெருமானுக்குக் கீற்றுப் பந்தல் ஒரு குறையாகத் தோன்றவில்லை. அவனைச் சேவிக்க வந்த அடியார்களோ, பிரசாதம் கையில் இருக்கும்போதே, "அடுத்த வீட்டார் மாடி எடுத்துவிட்டார்கள், நமக்கு இன்னும் ஓட்டு வீடுதான்" என்று மனம் குமைவதுண்டு.

இந்தக் குமைச்சல் சிறியதாகத் தோன்றினும் அதன் பலன் சிறியதன்று. இதனால் விளைநிலம் அடமானமாகின்றது. உடன்பிறந்தார் பாகப் பிரிவினையில் பகைவராகின்றனர். இரவில் தூக்கம் போகின்றது. காலையில் திருவாராதனம் அவசர காரியமாகிவிடுகின்றது. வீடு கட்டுவதற்காக வீட்டில் இருந்தவற்றையெல்லாம் இழப்பது எத்தகைய விபரீதம்! ஆதலின், இல்லம் என்பது எதற்காக, எவ்வளவு போதும் என்பதைப் பெரியோர் வாழ்ந்து காட்டிய வழியில் ஆராய்தல் தகும்.

குடிசையும் திருமாளிகையும்

ஸ்ரீவைஷ்ணவ பரிபாஷையில் ஒரு மரபு உண்டு. பிறருடைய இல்லத்தைக் குறிக்கும்போது அது ஓலைக் குடிலாயினும் "தேவரீர் திருமாளிகை" என்பர். தம் இல்லத்தைக் குறிக்கும்போது அது மூன்றுகட்டு வீடாயினும் "அடியேன் குடிசை" என்பர். இது வெறும் உபசார வார்த்தையன்று. தன்னுடையதைச் சிறிதாகவும் பிறருடையதைப் பெரிதாகவும் காணும் பழக்கத்தை நாவின் வழியாக நெஞ்சுக்கு ஊட்டும் உபாயம் இது. ஆசை செய்யும் வேலையோ இதற்கு நேர் எதிரானது. பிறர் வீட்டைப் பெரிதாகக் காண்பது வரையில் ஆசையும் ஒத்துப் போகும். ஆனால் அதனைக் கண்டு மகிழ விடாது, வேகச் செய்யும். அடியார் ஒருவருடைய வீட்டைத் திருமாளிகை என்று மனமார மகிழ்ந்து சொல்லத் தெரிந்தவனுக்குப் பொறாமை புகுவதற்கு இடமேது?

மேலும், இல்லத்தில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் பெட்டகத்திற்குக் "கோயிலாழ்வார்" என்று பெயர். வீட்டுக்குள் கோயில் இருப்பதால்தான் வீட்டுக்கு மதிப்பு என்பது முன்னோர் கணக்கு. அக்கணக்கில் சதுர அடி ஏறவில்லை.

திருக்கோவலூர் இடைகழி

வைணவ உலகம் ஓர் இல்லத்தின் பகுதியைக் கொண்டாடுகிறதென்றால், அது மன்னன் மாளிகையின் கூடமன்று. பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில், மிருகண்டு முனிவருடைய ஆச்ரமத்து இடைகழியே அது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள இத்தலத்தில் எம்பெருமான் திருவிக்ரமனாக, உலகளந்த திருக்கோலத்தில் சேவை சாதிக்கின்றான். இடைகழி என்பது வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே அமைந்த குறுகிய நடை. இக்காலத்தில் ரேழி என வழங்கப்படுவது. செருப்பும் குடையும் வைக்கும் இடம்.

காஞ்சியில் அவதரித்த பொய்கையாழ்வார் ஒரு மழை இரவில் அவ்விடைகழியை அடைந்து படுத்திருந்தார். கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று கூறி முன்னவர் எழுந்து அமர்ந்தார். பிறகு மயிலையில் அவதரித்த பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று கூறி மூவரும் நின்றனர். அப்போது காரிருளில் நான்காவதாக ஒருவர் நடுவே புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். விளக்கு வேண்டியதாயிற்று. ஒருவர் உலகையே அகலாகக் கொண்டு புறவிளக்கேற்றினார்; ஒருவர் அன்பையே அகலாகக் கொண்டு அகவிளக்கேற்றினார்; மூன்றாமவர் அவ்வொளியில் எம்பெருமானைப் பிராட்டியுடன் சேவித்தார். மூன்று திருவந்தாதிகளும் அவ்விரவில் பிறந்தன. ஒவ்வொன்றும் நூறு பாசுரம். நாலாயிரத்தின் தொடக்க ஒலி செருப்பு வைக்கும் நடையில் எழுந்தது என்பது மறக்கத்தக்கதோ?

இவ்வரலாற்றில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. படுக்கை இருக்கையாயிற்று, இருக்கை நிற்றலாயிற்று. ஒவ்வொரு படியிலும் சரீர சுகம் ஒரு பங்கு குறைந்தது. ஸத்ஸங்கம் ஒரு பங்கு கூடிற்று. முதலில் வந்தவர், "இவ்விடம் எனக்கே போதவில்லை" என்று சொல்லியிருந்தால் அதில் குற்றம் காண்பார் யாரும் இலர், அது உண்மையும்கூட. ஆனால் அவர் இடத்தை அளக்கவில்லை, வந்தவரை நோக்கினார். இடம் போதுமா என்ற கேள்விக்கு விடை சுவரில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்பது அதனால் விளங்கிற்று.

மற்றொன்றும் உண்டு. அது விசாலமான மண்டபமாயிருந்தால் மூவரும் மூன்று மூலையில் படுத்து உறங்கியிருப்பர். பொழுது விடிந்ததும் தத்தம் வழியே போயிருப்பர். நெருக்கம் இல்லையேல் நெருக்கியவனை அறிந்திருக்க வழியில்லை. உலகத்தை அளந்த திருவடியையுடையவன் நுழைவதற்குத் தேர்ந்த இடம் அது. ஆளுக்கோர் அறை, அறைக்கோர் கதவு, கதவுக்கோர் தாழ்ப்பாள் என்று கட்டப்பெறும் வீடுகளில் தந்தையும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் நாட்களைக் கழிப்பதை நினைத்தால், இடைகழியின் பெருமை இன்னும் விளங்கும்.

மூன்றடி போதும் என்றவன்

திருக்கோவலூரில் எழுந்தருளியிருப்பவன் திருவிக்ரமன் என்பதும் பொருத்தமேயாகும். அவன் வாமனனாய் மஹாபலியின் யாகசாலைக்கு எழுந்தருளியபோது கேட்டது மூன்றடி மண். மஹாபலி நகைத்து, இன்னும் பெரிதாகக் கேட்கும்படி வேண்டினான். அப்போது வாமனன் அருளிய உபதேசம் ஸ்ரீபாகவதம் எட்டாம் ஸ்கந்தம் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் உள்ளது. அதன் கருத்து வருமாறு: மூன்றடியால் திருப்தி அடையாதவன் ஒரு த்வீபம் கிடைத்தாலும் திருப்தி அடையான், ஏழு த்வீபங்களையும் விரும்புவான். ப்ருது, கயன் முதலிய சக்ரவர்த்திகள் ஏழு த்வீபங்களையும் ஆண்டும் ஆசையின் கரையைக் கண்டாரிலர். தானாக வந்ததைக் கொண்டு மகிழ்பவன் ஸுகமாக வாழ்கின்றான். மகிழாதவனுக்கு மூவுலகமும் ஸுகம் தாராது. நீர் பட்டு நெருப்பு அவிவது போல, திருப்தியின்மையால் தேஜஸ் அவிந்துபோம்.

"மூன்றடி என்று சொல்லி மூவுலகையும் கொண்டவன் இவ்வாறு உபதேசிக்கலாமோ?" என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. விடை இது: அவன் அளந்தது பிறர் சொத்தையன்று, தன் சொத்தை. தனதென்று எண்ணியிருந்தவனுக்கு அது எவருடையது என்று காட்டினான். அதன் முடிவும் நோக்கத்தக்கது. அனைத்தையும் இழந்த மஹாபலிக்கு ஸுதலலோகம் வாய்த்தது. அங்கே அவனுடைய வாசலில் எம்பெருமானே காவலாக நின்றான். மூவுலகை ஆண்டபோது வாய்க்காத வாசற்காவல், இழந்த பின் வாய்த்தது. ஒரு வீட்டின் பெருமை அதன் வாசல் எவ்வளவு அகலம் என்பதில் இல்லை. அதில் நிற்பவர் யார் என்பதில் இருக்கிறது.

தூதுவளைக் கீரையும் அரண்மனையும்

சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே வீராணம் ஏரிக்கரை வழியாகச் சென்றால் காட்டுமன்னார்கோயில். முதற் பராந்தக சோழன் (907-955) காலத்தில், அவனுடைய வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரால் ஏரியும் ஊரும் பெயர் பெற்றன. நாலாயிரத்தை மீட்டுத் தொகுத்தளித்த நாதமுனிகளும், அவர்தம் திருப்பேரனார் ஆளவந்தாரும் அவதரித்த பெருமை அவ்வூருக்கு உண்டு.

ஆளவந்தார் இளம் பிராயத்திலேயே அரசவை வித்வான் ஆக்கியாழ்வானை வாதில் வென்று, பாதி ராஜ்யத்தைப் பரிசாகப் பெற்று, அரண்மனை போகத்தில் இருந்தார் என்று குருபரம்பரை கூறும். அவரைத் திருத்திப் பணிகொள்ளுமாறு நியமனம் பெற்ற மணக்கால் நம்பி, அரண்மனைக் காவலைக் கடந்து அவரைக் காண வழியில்லாமையால், தூதுவளைக் கீரையை நாள்தோறும் கொணர்ந்து மடைப்பள்ளியில் சேர்த்துவந்தார். அரசர் அதனை விரும்பி அமுது செய்தார். ஆறு திங்கள் இவ்வாறு சென்றபின் நம்பி கீரை கொணர்வதை நிறுத்தினார். இலையில் கீரையைக் காணாத அரசர் காரணம் வினவினார், கொணர்ந்தவர் யார் என்று விசாரித்தார், நம்பியை வரவழைத்தார். "தேவரீருடைய பாட்டனார் சேர்த்து வைத்த நிதி ஒன்று உண்டு, அதனைக் காட்டித் தரவே வந்தது" என்னும் கருத்துப்பட நம்பி விண்ணப்பித்து, கீதையின் பொருளை உபதேசித்து, திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்றார். இரண்டு ஆற்றுக்கு நடுவே பள்ளிகொண்ட பெரிய பெருமாளையே நிதி என்று காட்டினார். ஆளவந்தார் ராஜ்யத்தைத் துறந்து ஸந்யாசம் மேற்கொண்டார்.

பாதி ராஜ்யத்திற்கு உரியவர், இலையில் இல்லையென்று உணர்ந்தது என்ன? வேலியோரத்தில் தானே படரும் முள்கொடியின் இலை. அரண்மனையில் எல்லாம் இருந்தது. ஆயினும் மனம் தேடியது எளியதையே. அந்தத் தேட்டமே அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. செல்வத்தின் நடுவே இருப்பவர்க்கும் எளிமையின் மீது ஓர் உள்ளார்ந்த பசி உண்டு. அதனை உணர்ந்தவர் பிழைத்தனர்.

"அனிகேதன்" என்னும் சொல்

கீதை பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எம்பெருமானுக்கு இனியவனான பக்தனுடைய லக்ஷணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, கிடைத்தது எதுவாயினும் அதனால் ஸந்தோஷிப்பவன் என்பது; அதனை அடுத்து வருவது "அனிகேதன்" என்பது. நிகேதம் என்றால் வீடு. வீடில்லாதவன் என்பது சொற்பொருள். அப்படியாயின் கிருஹஸ்தனுக்கு இங்கு இடமில்லையோ என்னும் ஐயம் எழும். பாஷ்யகாரர் எம்பெருமானார், ஆத்மாவில் நிலைத்த புத்தியால் வீடு முதலியவற்றில் பற்றில்லாதவன் என்று அதற்குப் பொருள் அருளினார். வீட்டைவிட்டு ஓடவேண்டியதில்லை, வீடு மனத்தைவிட்டு இறங்கினால் போதும்.

எவ்வாறு இறங்கும்? ஸ்ரீபாகவதம் பதினோராம் ஸ்கந்தத்தில் கண்ணன் உத்தவருக்கு வழி காட்டுகின்றான்: வீட்டில் ஓர் அதிதியைப் போல வாழ வேண்டும்; மனைவி மக்கள் சுற்றத்தார் கூட்டம் வழிப்போக்கர்களின் கூட்டத்தை ஒத்தது. திருவிழாவுக்கு வந்தவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. சத்திரத்துத் திண்ணையில் இடம் கிடைத்தவர் அதனைக் கூட்டித் துடைத்துப் பாய் விரிக்கின்றார்; பக்கத்தவருக்கு ஒதுங்கி இடம் தருகின்றார்; விடிந்ததும் வருத்தமின்றி எழுகின்றார். திண்ணை கருங்கல்லா, சிமெண்டா என்று எவரும் வழக்காடுவதில்லை.

இவ்வட்டாரத்தார் கண்முன் மற்றோர் உதாரணமும் உண்டு. 1956-இல் தொடங்கப்பெற்ற நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் நகரியத்தில் பணியாளர்க்கு அவரவர் பதவிக்கேற்பக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்படுகின்றது. அங்கே மா, பலா வைத்து வளர்க்கின்றனர். பிள்ளைகளுக்கு மணம் முடிக்கின்றனர். ஓய்வு பெற்றபின் சாவியை ஒப்படைத்து வெளியேறுகின்றனர். வைத்த மரம் பின்வருவார்க்குக் காய்க்கின்றது. பட்டா தம் பெயரில் உள்ள வீட்டுக்கும் இதே நியதிதான். ஓய்வு பெறும் தேதி மட்டும் அங்கே முன்கூட்டித் தெரிவதில்லை.

யாருக்கு இவ்வுபதேசம்?

இங்கு ஒரு எச்சரிக்கை அவசியம். "போதும் என்று இரு" என்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் ஞானம். இல்லாதவனைப் பார்த்துச் சொன்னால் பாவம். ஒழுகும் கூரையை வேய்வதும், கழிப்பறை கட்டுவதும், வயதான தாய்க்குக் காற்று வரும்படி ஒரு ஜன்னல் வைப்பதும் ஆடம்பரமல்ல, கிருஹஸ்த தர்மம். வெள்ளாற்று வெள்ளத்தில் மண்சுவர் கரைந்தவனிடமும், சுரங்கத்திற்காக வீட்டையும் மனையையும் கொடுத்துப் பெயர்ந்தவனிடமும் திருப்தியைப் பற்றிப் பேச எவர்க்கும் உரிமை இல்லை. அவனுக்குச் செய்யத்தக்கது உபதேசமன்று, உபகாரம். ஏழாம் ஸ்கந்தத்தில் நாரதர் தர்மபுத்திரருக்குக் கூறியதும் இதுவே: வயிறு நிரம்பும் அளவே ஒருவனுக்கு உரியது, அதற்கு மேல் தனதென்று எண்ணுபவன் கள்வன், தண்டனைக்கு உரியவன். இவ்வார்த்தை இருப்பவனை நோக்கியது.

குசேலர் சரிதமும் இதனைத் தெளிவாக்கும். பசித்த குடும்பத்திற்காக அவருடைய மனைவி கணவனைத் துவாரகைக்கு அனுப்பியதைப் பேராசை என்று எவரும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது குடிலிருந்த இடத்தில் மாளிகை நின்றது. அவர் அதனை இடிக்கவில்லை. பற்றின்றி அதிலேயே வாழ்ந்தார். ஆகவே மாளிகை தோஷமன்று. மாளிகைக்காக ஏங்குவதே தோஷம். குடிலில் இருந்தபோதும் மாளிகையில் இருந்தபோதும் குசேலர் அதே குசேலராக இருந்தார் என்பதே அவருடைய செல்வம்.

கிருஹஸ்தர்கள் கைக்கொள்ளத்தக்கவை

புதிதாக வீடு கட்டுவோரிடத்து ஒரு வழக்கம் காணப்படுகின்றது. கூடத்திற்குப் பளிங்குக்கல், வாகனத்திற்குக் கொட்டகை, கடைசியில் எஞ்சிய இடமாகிய மாடிப்படியின் அடியில் பெருமாள். தாயார் தகப்பனாரின் கட்டிலுக்கு இடம் தேடும்போது சாமான் அறை நினைவுக்கு வருகின்றது. கடனோ இருபது ஆண்டுக்கு. இத்தகைய வீட்டில் கிருஹப்பிரவேச நாளன்று இருந்த மகிழ்ச்சி அடுத்த தவணை வரையிலும் நிற்பதில்லை. ஆதலின் பின்வரும் நான்கினை முன்னதாகவே நிச்சயித்துக்கொள்ளுதல் நலம்.

முதலாவது, மனைக்கோல் போடும்போதே கோயிலாழ்வாருக்கும் முதியோருக்கும் உரிய இடத்தை முதலில் குறித்துவிட வேண்டும், மற்றவை அதன்பின்.

இரண்டாவது, வந்த அதிதி ஒருவர் ஓரிரவு தங்க இடம் இருக்க வேண்டும். தனி அறை வேண்டுமென்பதில்லை, இடைகழி போதும். அதிதிக்கு இடமில்லாத வீடு எவ்வளவு பெரிதாயினும் சிறியதே.

மூன்றாவது, பிறர் வீட்டைக் கண்டு கடன் வாங்கலாகாது. தன் தேவையைக் கண்டே வாங்க வேண்டும். "இது இல்லாவிடில் எவருக்கு என்ன துன்பம்?" என்று கேட்டுப் பார்த்தால், தேவை எது ஆசை எது என்பது பிரிந்துவிடும்.

நான்காவது, இருக்கும் வீட்டை நாள்தோறும் மெழுகி, கோலமிட்டு, விளக்கேற்றி, "இது எம்பெருமான் தந்த இடம்" என்று அநுஸந்திக்க வேண்டும். அழுக்கடைந்த வீட்டில் வாழ்பவர்க்கே வேறு வீட்டின் மீது ஆசை மிகுதியாக உண்டாகின்றது. பேணப்பட்ட குடிசை மனத்தை வெளியே அலைய விடாது.

வீராணம் ஏரியை நோக்குக. தன் கரை தாங்கும் அளவு நீரை வைத்துக்கொள்கின்றது. மிகுந்தது சேத்தியாத்தோப்பு அணைக்கட்டின் வழியே வெள்ளாற்றுக்குச் செல்கின்றது. வைத்துக்கொண்ட நீர் வயலுக்குப் பாய்கின்றது; 2004 முதல் குழாய் வழியே சென்னை மாநகரத்தாரின் தாகத்தையும் தீர்க்கின்றது. போக்குவாய் இல்லாத ஏரி, பெருமழையில் தன் கரையையே உடைத்துக்கொள்ளும். தன்னைச் சார்ந்த ஊரையும் அழிக்கும். போதும் என்னும் எண்ணமே இல்லத்தின் கரை; கொடுத்தலே அதன் மதகு. கரையும் மதகும் செம்மையாயிருந்தால் ஆயிரம் ஆண்டும் நிலைக்கும் என்பதற்கு இவ்வேரியே ஸாக்ஷி.

திருவிழா முடிந்து பக்தர்கள் ஊர் திரும்புவர். தத்தம் வாசலில் கால் வைக்கும்போது, அவ்வாசலை அடுத்த நடையைச் சற்றே நின்று நோக்குவார்களாக. அங்கே ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். நான்காவதாக வருபவனுக்கும் அங்கு இடம் உண்டு.

சுபமஸ்து.